வத்தத்தில் போய் ஏத்தத்தில் திரும்பினோம்

சென்ற மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்பு, நானும் மூன்று நண்பர்களும் மரக்காணத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டை வரை கழியில் துடுப்பு போட்டுப் போய் வந்தோம். நால்வர் வயதையும் கூட்டினால் 271 வரும். விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி, "முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயசுல துடுப்பு எதுக்கு?" என்றாள். நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் வல்லத்திலிருந்து கடல் சுமார் ஐம்பது கிலோமீட்டர். திண்டிவனம் போய், அங்கிருந்து கிழக்கே பெருமுக்கல் மலையைத் தாண்டினால் மரக்காணம். நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். துய்ப்ளேயும் கிளைவும் இந்த மண்ணில் அடித்துக்கொண்ட கதையைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருஷா வருஷம் ஒப்பித்திருக்கிறேன். பிள்ளைகளை ஒரு முறைகூட மரக்காணத்துக்கு அழைத்துப் போனதில்லை. செஞ்சிக்கோட்டைக்குப் போவோம், மாமல்லபுரத்துக்குப் போவோம். இடையில் இருக்கிற இந்தக் கடற்கரை நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒரு நினைப்பு.

ஆனால் என் தாத்தாவுக்கு அப்படி இல்லை. அவர் இரட்டை மாட்டு வண்டி கட்டி மரக்காணம் போய் உப்பு ஏற்றி வந்தவர். அங்கே கால்வாயில் பாய் விரித்த படகுகள் நின்றதையும், காற்று இல்லாதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிறு போட்டு அவற்றை இழுத்ததையும் சொல்லுவார். சின்ன வயதில் நான் அதை நம்பவில்லை. மாட்டைப்போல மனுஷன் படகை இழுப்பானா என்று கேட்டிருக்கிறேன்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரின் அக்கா மகன் புதுச்சேரியில் கயாக் வைத்திருக்கிறான். பிளாஸ்டிக்கில் வார்த்த நீளமான சின்னப் படகு அது. மேலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் மட்டை உள்ள துடுப்பால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இருவர் உட்காரும் படகு இரண்டு, தனக்கு ஒன்று என மூன்றை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். தமிழாசிரியரும் நானும் ஒன்றில். வருவாய்த் துறையில் இருந்தவரும், ஊரில் விவசாயம் பார்ப்பவரும் இன்னொன்றில்.

காலை ஏழரை மணிக்கு மரக்காணத்துக்கு வடக்கே கரையில் இறங்கினோம். வலை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவர் எங்கள் படகைச் சுற்றி வந்து பார்த்தார். உட்காரும் இடத்தில் இருந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி உள்ள வந்தா?" என்றார். "வந்த வழியே போயிடும். முழுகாது" என்றான் பையன். அவர் சிரித்தார். "அப்ப இது நம்ம கட்டுமரந்தான். காசு குடுத்து வாங்கினியா?"

எனக்கு அங்கேயே பாதிப் பயணம் முடிந்துவிட்டது போல் இருந்தது. கயாக் என்பது வடதுருவத்துப் பக்கம் வாழும் இனுவிட் மக்களின் படகு. மரம் கிடைக்காத ஊரில் எலும்பும் ஒதுங்கிய கட்டையும் கொண்டு சட்டம் கட்டி, மேலே சீல் தோலை இழுத்துத் தைத்தார்கள். அங்கே தண்ணீர் உள்ளே வந்தால் குளிரிலேயே ஆள் செத்துவிடுவான். அதனால் இடுப்பு வரை மூடிய படகு. நம் கடல் வெதுவெதுப்பானது. நனைந்தால் ஒன்றுமில்லை, கவிழாமல் மூழ்காமல் இருந்தால் போதும். எனவே நம் ஆட்கள் எடை குறைந்த மரங்களைச் செதுக்கிச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். தண்ணீர் இடுக்கு வழியே வரும், போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை வெயிலில் காயப்போடலாம். இன்றைக்குக் கடைகளில் விற்கும் மேலே உட்காரும் கயாக், பேருக்குத்தான் இனுவிட். வேலை செய்யும் விதம் கட்டுமரத்தினுடையது.

நம் கட்டுமரத்தின் பேர் உலகம் சுற்றியது பலருக்குத் தெரியும். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் கோரமண்டல் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். பிறகு 1870-களில் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய வேகப் பாய்ப்படகு ஒன்றைச் செய்தார். அந்த மாதிரிப் படகுகளுக்கெல்லாம் 'கேட்டமரான்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சென்னையில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும். அலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்தான். கூம்பு போன்ற ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொள்வார்களாம். இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்றான். அவனுக்குத் தண்ணீர் மேல்தான் கண்.

வலைக்காரர் கிளம்பும்போது ஒன்று சொல்லி அனுப்பினார். "இப்ப வத்தம் ஆரமிச்சுடுச்சு. தண்ணி உங்கள இழுத்துக்கிட்டே ஆலம்பரைக்கு உடும். வரும்போது அவசரப்படாதீங்க ஐயா. தண்ணி திரும்பினப்புறம் கெளம்புங்க."

நம் கரையில் கடல் ஏறி இறங்குவது அதிகமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். குஜராத்தில் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர்கூட ஏறி இறங்கும். அதைக் கேட்டால் நம்முடையது விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் முழங்கால் ஆழமே உள்ள கழியில் ஒரு மீட்டர் என்பது எல்லாமும்தான். ஒரு நாளில் இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். கடலில் தண்ணீர் திரும்பிய பிறகும் கழிக்குள் திரும்ப இன்னும் நேரமாகும். பஞ்சாங்கத்தை வைத்து இதைப் பாதி சொல்லலாம். மீதி அந்தந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் சொன்னபடியே இழுத்துக்கொண்டு போனது. துடுப்பை நேராகப் பிடித்தால் போதும். மேற்கே உப்பளங்கள். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசியது. தென்மேற்கே விரிந்து கிடக்கும் கழுவெளி ஏரியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கிருந்து வந்தவையோ என்னவோ, பூநாரைகள் ஒரு கூட்டமாகத் தாழப் பறந்து போயின. விவசாய நண்பர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

தமிழாசிரியர் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். துடுப்பு போட்டது பெரும்பாலும் நான்தான் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன். அவர் பேசியது சிறுபாணாற்றுப்படை பற்றி. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அவனுடைய கிடங்கில் வேறெங்கும் இல்லை, இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான். பாணன் முதலில் போகும் கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அதை மரக்காணம் என்றே அறிஞர் பலரும் கொள்கிறார்கள். அங்கே அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகம்போலக் கிடக்கும் என்கிறார் புலவர். அந்தக் கட்டையை எரித்து நுளையர் வீட்டுப் பெண் காய்ச்சிய தேறலும், சுட்ட குழல்மீனும் பாணனுக்குக் கிடைக்கும். அங்கிருந்து முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர், பிறகு கிடங்கில். அதாவது கடலிலிருந்து திண்டிவனம் வரை ஒரே அரசன், ஒரே நாடு, நடந்து போக ஒரு வழி.

"பாடினவர் எந்த ஊர் தெரியுமா?" என்று நிறுத்தினார். "இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். நாம இப்ப இடைக்கழிநாட்டுக்குள்ளதான் போய்க்கிட்டிருக்கோம்."

உண்மைதான். கடலுக்கும் கழிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் அந்த நிலத்துக்கு இன்றும் அதே பேர்தான். பேரூராட்சிப் பலகையில் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் மாறாத ஒரு பேருக்குள் பிளாஸ்டிக் படகில் போகிறோம் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, இந்தக் கரையில் பொதுகே, சோபட்மா என்ற துறைகளைச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு என்பார்கள். சோபட்மாவை எயிற்பட்டினத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதே குறிப்பில், பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்னும் கலங்களும் வருகின்றன. ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்த வலைக்காரர் சிரித்ததில் தப்பில்லை.

கால்வாயின் பழைய கரை சில இடங்களில் மேடாகத் தெரிகிறது. பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்திலிருந்து வந்து மரக்காணத்தில்தான் முடிகிறது. 1806-இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர்வரை கொக்ரேன் என்பவர் வெட்டியதில் தொடங்கி, துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். கரையோரக் கழிகளை ஒன்றோடொன்று கோர்ப்பதுதான் வேலை. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த துண்டு 1877-78-இல் வெட்டப்பட்டது. அந்த வருஷங்களின் பேரை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த காலம். கூலிக்கு மண் சுமந்தால்தான் தானியம் என்று நிவாரண வேலைகளைத் திறந்தார்கள். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, ஒரு ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைக்கச் சொன்னார். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ஒரு ராத்தல். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்கள் பேர் எதிலும் இல்லை.

அந்தக் கால்வாயில்தான் மரக்காணத்து உப்பும் சவுக்கு விறகும் சென்னைக்குப் போயின. சென்னை அடுப்பெரிய விறகு, சாப்பாட்டுக்கு உப்பு, இரண்டும் தண்ணீர் வழியாக. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற பாட்டு அந்தப் பயணத்தில் பிறந்தது. நண்பர்கள் சேர்ந்து படகில் போவது நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்களில் கால்வாய் மிகவும் சேதப்பட்டது. அதற்குள் லாரி வந்துவிட்டது, ரோடு வந்துவிட்டது. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

பத்தரை மணிக்கு ஆலம்பரை. கோட்டைக்குள் ஏறிப் பார்த்தோம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர்கள், பாதி சரிந்தவை. 2004 சுனாமியிலும் கொஞ்சம் போனது. மேலே நின்றால் கழி, அதற்கப்பால் ஒரு மணல் திட்டு, முகத்துவாரம், பிறகு கடல். முகலாயர் ஆட்சிக் காலத்துக் கோட்டை. ஆற்காட்டு நவாப் கையில் இருந்தது. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் இங்கிருந்து கப்பலேறின. நாணயம் அடிக்கும் சாலையும் இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லாமல் விட்ட பாடம் இருக்கிறது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி இரவோடு இரவாகச் செஞ்சிக்கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில், செஞ்சிக்கு அருகில் முகாமிட்டிருந்த தக்காணத்து நாசிர் ஜங் தன் கூட்டாளிகளாலேயே கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த முசாபர் ஜங், உதவி செய்ததற்கு நன்றியாகத் துய்ப்ளேக்குக் கொடுத்தவற்றில் ஆலம்பரையும் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கத்து வயல்வெளியில் ஒருவன் செத்தான், அதனால் இந்தத் துறைமுகம் கை மாறியது. பத்து வருஷம் கழித்து, 1760-இல் வந்தவாசியில் வென்ற ஆங்கிலேயர் அயர் கூட் தலைமையில் இறங்கி வந்து, பெருமுக்கல்லையும் ஆலம்பரையையும் பிடித்தார்கள். கோட்டையை இடித்தார்கள். அடுத்த வருஷம் புதுச்சேரி விழுந்தது, பிறகு செஞ்சியும் விழுந்தது. உள்நாட்டுக் கோட்டை ஒன்றும் கடற்கரைத் துறை ஒன்றும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. நான் செஞ்சியை ஒரு பாடமாகவும், புதுச்சேரியை வேறு பாடமாகவும் நடத்தினேன். ஆலம்பரை பாடத்திலேயே இல்லை.

கீழே, பையன் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போய்ப் பார்க்கிறேன் என்று தனியாகக் கிளம்பினான். வெளியே போகும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடம் அது. முதல் அலை தாண்டினான். இரண்டாவதும் தாண்டினான். மூன்றாவது அவனைப் படகோடு நட்டுக்குத்தலாகத் தூக்கிப் போட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். மணல் தின்றுவிட்டு எழுந்து வந்தான். பழைய மசூலாப் படகில் ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிற்றால்தான் தைப்பார்கள். அலை அடித்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. ஏன் அப்படித் தைத்தார்கள் என்பது எனக்குப் புத்தகத்தில் புரியாதது, அன்று கரையில் நின்று புரிந்தது.

கட்டிக்கொண்டு போன புளிச்சோறு. பக்கத்தில் ஒரு குடிசைக் கடையில் வறுத்த மீன். தேறல் இல்லை என்று தமிழாசிரியருக்குத்தான் குறை.

பிறகு நாங்கள் செய்தது முட்டாள்தனம். மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் திரும்ப இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வருவாய்த் துறை நண்பருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை நேரம் தவறுகிறது என்று முணுமுணுத்தார். வலைக்காரர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. இருந்தும் கிளம்பினோம்.

அரை மணி எதிர்த்துத் துடுப்பு போட்டிருப்போம். காலையில் மிதந்து போன இடத்தில் சேறு எழுந்து நின்றது. முதலில் எங்கள் படகு உட்கார்ந்தது, பிறகு அவர்களுடையது. பையன் இறங்கித் தள்ளினான், முழங்கால்வரை புதைந்தான். சிப்பி ஓடு கிழித்துக் காலில் ரத்தம். சர்க்கரைக்கார நண்பர் பேசுவதை நிறுத்திவிட்டார். முகம் வெளுத்து வேர்த்தது. கையில் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து வெல்லத்தை எடுத்து வாயில் போட்டோம். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கரை. ஆனால் நடந்து போக முடியாத கரை.

சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு எங்கள் வயதிருக்கும். எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். மெதுவாக வந்தார். சேற்றில் எப்படிக் கால் வைப்பதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பரின் முகத்தைப் பார்த்தார். தலையில் இருந்த துணியை எடுத்து நனைத்து அவர் தலையில் போட்டார்.

"தண்ணி திரும்புற வரைக்கும் உக்காருங்க. ஒண்ணும் ஆவாது. கயிறு இருக்கா?"

படகின் முனையில் கயிறு இருந்தது. நண்பர் இருந்த படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றின் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால்போல ஓடிய தண்ணீரில் இழுத்தார். கூட வந்த பெண் பின்னால் தள்ளினார். படகு நகர்ந்தது. பத்து நிமிஷத்தில் நண்பரைக் கரையில் ஒரு மரத்து நிழலில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் சேற்றிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டைப்போல மனுஷன் படகை இழுப்பானா என்று தாத்தாவைக் கேட்டவன் நான்.

தண்ணீர் திரும்பிய பிறகு நாங்களும் கரைக்கு வந்தோம். நண்பர் தெளிந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம், "இப்படி இழுக்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்கிறதுக்கு என்னா இருக்கு? எங்கப்பா கால்வாயில கயிறு இழுத்தவரு. உப்புப் படகு. மெட்ராஸ் வரைக்கும் நடந்தே போவாரு. தோள்ல இந்த எடத்துல தழும்பு இருக்கும், சாவுற வரைக்கும் போவல." கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பிறகு, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்றார்.

"செஞ்சிப் பக்கம் வல்லம்."

"அங்கெல்லாம் உப்பு வண்டி போவும்னு அப்பா சொல்லும். நான் பாத்ததில்ல. மயிலம் முருகன் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் வரும்ல, அப்ப வண்டியில வர்ற ஜனத்தப் பாப்பேன். அவ்ளோதான்."

மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார், திண்டிவனத்துப் பெருமாள் எல்லோரும் மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கடலில் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். வருஷம் தவறாமல் கடலுக்கு வருகிறவர்கள் அவர்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

அவருக்குப் பணம் கொடுக்கப் பையன் பர்ஸை எடுத்தான். அவர் கையால் தள்ளிவிட்டு, இறாலில் ஒரு பங்கைத் தாமரை இலையில் கட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு கேட்டார். சந்தை விலையைவிட ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

ஏத்தம் எங்களை மாலை நாலரை மணிக்கு மரக்காணத்தில் கொண்டுவந்து விட்டது. வலைக்காரர் அங்கேயே இருந்தார். எங்கள் சட்டையில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் உப்பள ஓரத்தில் நிறுத்தி ஐந்து கிலோ கல் உப்பு வாங்கினேன். பெருமுக்கல் தாண்டும்போது இருட்டிவிட்டது. வீட்டில் மூட்டையை இறக்கியதும், "கடையில கெடைக்காத உப்பா இது?" என்றாள் மனைவி. மறுநாள் காலை ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.